மாமியார் வந்திருக்கிறார்

வாழை மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு ஜப்லோன் தன்னுடைய சொந்தக் கழிப்பறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுத் தகரக் கதவு. காலை வெயில் பட்டுப் பளபளத்தது. உள்ளே யாரும் இல்லை. அவர் வயிற்றுக்குள்ளோ, நேற்றிரவு வெளுத்துக்கட்டிய அவித்த சோளமும் பயறும் ஊர்வலம் கிளம்பியிருந்தன. நாலு எட்டு வைத்தால் கதவு. அந்த நாலு எட்டைத்தான் அவரால் வைக்க முடியவில்லை.

காரணம், மாமியார் வந்திருந்தார்.

அந்த அம்மாளுக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். கட்டைப் பிரிக்கும்வரை ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வந்து காட்ட வேண்டும். அவருடைய ஊரோ மலைக்கு அந்தப் பக்கம். அதனால் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளையின் கூரைக்குக் கீழே மாமியார் படுக்கக் கூடாது என்பதால் சமையல் குடிசையில் படுக்கை. மாப்பிள்ளை எதிரே வந்தால் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாமியார் எதிரே வந்தால் மாப்பிள்ளை பாதையை விட்டு இறங்கி நிற்பார். இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். மாமியார் புழங்குகிற கழிப்பறையில் மாப்பிள்ளை கால் வைப்பது என்பது மட்டும் நமாவெகா ஊரில் பிறந்த எவனுக்கும் கனவில்கூட வராது. வந்தால் எழுந்ததும் பயந்துபோய் முகம் கழுவிக்கொள்வான்.

"என்ன கீசா அப்பா, இன்னும் இங்கேயே நின்னுக்கிட்டிருக்கீங்க?" தண்ணீர்க் குடத்தோடு வந்த மனைவி நலியாகா கேட்டாள்.

"மெதுவாப் பேசு. உங்கம்மா காதுல விழுந்துடப் போகுது."

"அவங்க காதுல விழுந்தா என்ன? வயிறுன்னு ஒண்ணு எல்லாருக்கும்தான் இருக்கு. வழக்கம்போல சர்ச் கக்கூசுக்குப் போயிட்டு வந்துட வேண்டியதுதானே? ஆபீசர் வர்ற நாளு வேற."

"அவரு ஒம்பது மணிக்குத்தான் வர்றாரு."

"அதுவரைக்கும் இப்படியே வாழை மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கப் போறீங்களா?"

ஜப்லோன் மரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, முடிந்த அளவு கம்பீரமாக நடந்து போனார். கம்பீரம் வேலிவரைதான் தாங்கியது. அதற்குப் பிறகு ஓட்டமும் நடையும்தான்.

அவர் சாதாரண ஆள் இல்லை. ஊர்த்தலைவர். அதிலும் பயிற்சி பெற்ற ஊர்த்தலைவர். ஊர்களை ஆரோக்கியமாகவும் பாதுகாப்பாகவும் வைத்துக்கொள்வது எப்படி என்று நகரத்தில் தலைவர்களையெல்லாம் கூட்டி வைத்து ஒரு வாரம் பாடம் நடத்தியிருந்தார்கள். போகும்போது வெறும் ஜப்லோனாகப் போனவர், திரும்பி வரும்போது ஒரு தொப்பியும் இரண்டு பை நிறைய விசில்களும் ஏகப்பட்ட கருத்துகளுமாக வந்தார். முன்பெல்லாம் அவர் பேசினால் மாடு, மழை, கரும்பு. இப்போது வாயைத் திறந்தால் ஈ, மலம், கை கழுவுதல்.

ஊர் முதலில் சிரித்தது. ஆனால் ரொம்ப நாள் சிரிக்கவில்லை. போன மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து போனதை யாரும் மறக்கவில்லை. விதவை நசாம்புவின் பேத்தி, நடக்கக்கூடப் பழகாத குழந்தை, அதில்தான் போயிற்று. ஓடைத் தண்ணீரைத்தான் எல்லோரும் குடிக்கிறார்கள். ஓடைக்கரைப் புதர்களுக்குத்தான் எல்லோரும் காலையில் ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள். ஜப்லோன் இரண்டையும் சேர்த்து வைத்துச் சொன்னபோது நசாம்புதான் முதலில் எழுந்து குழி வெட்ட மண்வெட்டி எடுத்தாள்.

இப்போது வீட்டுக்கு வீடு கழிப்பறை. குழிக்கு மூடி. வாசலில் காலால் குச்சியை மிதித்தால் சாய்ந்து தண்ணீர் ஊற்றும் கேன். அதன் பக்கத்தில் கயிற்றில் தொங்கும் சோப்பு. புதருக்கு ஒதுங்கினால் ஒரு கோழி அபராதம். பிடிப்பதற்கு நசாம்புவின் தலைமையில் பெண்களின் விசில் படை. மாட்டுத் திருடன் வந்தால் நீளமாக ஒரு விசில், புதருக்கு ஒதுங்குகிறவனைக் கண்டால் குட்டிக் குட்டியாகப் பல விசில்.

இன்றைக்கு ஆபீசர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால், சுத்தமான ஊர் என்பதற்கு அடையாளமாக ஊருக்கு வெள்ளைக் கொடி. கொடி பறக்கிற ஊருக்குத்தான் ஆழ்குழாய்க் கிணறு முதலில் போடுவார்கள். கிணறு வந்தால் ஓடைத் தண்ணீர் வேண்டாம். அதனால் ஜப்லோனுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. தூக்கமில்லாத மூளையில் நேற்று மாலை ஒரு யோசனை உதித்தது. சர்ச் வாசலில் ஊரைக் கூட்டினார்.

"எல்லாரும் விடியறதுக்கு முன்னாடியே போக வேண்டியதைப் போயிட்டு, கழுவி, சாம்பல் தூவி, கதவைச் சாத்திடுங்க. ஆபீசர் பாத்து முடிக்கிறவரைக்கும் ஒரு ஈ உள்ளே போகக் கூடாது!"

"அவசரம்னா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"ஒரு காலைப்பொழுது அடக்கி வைக்க முடியாதவங்களுக்குக் கிணறு எதுக்குய்யா?" என்றார் ஜப்லோன். பலத்த கைதட்டல்.

விடியுமுன் ஊரே எழுந்து வேலையை முடித்துக்கொண்டது. வரவேற்புரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே விடியவிடிய முழித்திருந்த தலைவர் மட்டும் சரியாக அந்த நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டார்.

சர்ச் கழிப்பறையின் சாவி அவருடைய தம்பி சிகுகுவிடம் இருந்தது. அங்கே கூட்டிப் பெருக்குவதும் மணி அடிப்பதும் அவன்தான். ஜப்லோன் போனபோது அவன் படிக்கட்டில் உட்கார்ந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, கக்கூஸ் சாவியைக் கொடு."

"எதுக்குண்ணே?"

"எதுக்கா? சுத்தமா இருக்கான்னு பாக்கத்தான்."

"நேத்து சாயந்திரம் பாத்துட்டு நீங்கதானே பிரமாதம்னு சொன்னீங்க?"

"மறுபடி பாக்கணும்."

சிகுகு அண்ணனை மேலும் கீழும் பார்த்தான். "கால் மேல காலைப் பின்னிக்கிட்டு நிக்கிறீங்க. பாக்க வந்தவன் நிக்கிற தோரணை இல்லியே இது."

"டேய், விளையாடாதே. மாமியார் வந்திருக்காங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே. நல்லா இருக்காங்களா? கண்ணு எப்படி இருக்கு?"

"சாவியைக் கொடுடா!"

"கொடுத்துடலாம். ஆனா ஒரு காலைப்பொழுது அடக்க முடியாதவங்களுக்குக் கிணறு எதுக்குன்னு நேத்து ஒரு பெரிய மனுஷன் பேசினாரு. நான்கூடக் கை தட்டினேன்."

ஜப்லோன் கெஞ்சினார். சிகுகு கிழங்கைக் கடித்துக்கொண்டே யோசித்தான். பிறகு, "அண்ணே, சோளக்கொல்லைக்குப் பின்னாடி என்னைப் பிடிச்சீங்களே, அன்னிக்கு நானும் இப்படித்தான் கெஞ்சினேன்," என்றான். "தம்பியா இருந்தாலும் சட்டம் சட்டம்தான்னு சொல்லி என் புள்ளிக்கோழியைத் தூக்கிட்டுப் போனீங்க."

"அது ஊர்ப் பொதுவுக்குப் போச்சுடா."

"உங்க வீட்டு முற்றத்துலல்ல மேயுது?"

"பொதுவுக்காகத்தான் மேயுது."

"சரி. அது இங்க வந்து மேயட்டும். சாவி தானா வரும்."

தலைவர் என்ற மரியாதை, அண்ணன் என்ற உரிமை எல்லாவற்றையும் காட்டிப் பார்த்தார். வயிறு இடி இடித்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினார். வழியில் மகன் கீசாவின் வீடு. அங்கேயும் ஒரு அழகான கழிப்பறை இருக்கிறது. ஆனால் அதை மருமகள் புழங்குகிறாள். மாமனாருக்கும் மருமகளுக்கும் அதே சட்டம்தான். அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் கடந்து போனார்.

வீட்டு முற்றத்தில் புள்ளிக்கோழி நின்றது. ஜப்லோன் பாய்ந்தார். கோழி சமையல் குடிசையைச் சுற்றிப் பறந்தது. அவரும் சுற்றினார். குனிந்து ஓட வேண்டியிருந்தது, குனிந்தால் வயிறு மிரட்டியது, நிமிர்ந்தால் கோழி தப்பித்தது. மூன்றாவது சுற்றில் இறக்கையைப் பிடித்துத் தூக்கியபோது, குடிசை வாசலில் நலியாகா கையில் அகப்பையோடு நின்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"கீசா அப்பா!" என்றாள். "எங்கம்மா வந்து இத்தனை நாளாச்சு, ஒரு கோழி அடிச்சுப் போடத் தோணலையே இந்த மனுஷனுக்குன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருந்தேன். நீங்க நேரம் பாத்துக்கிட்டிருந்திருக்கீங்க!"

"இல்ல, இது வந்து..."

"அம்மா! மாப்பிள்ளை உனக்காகக் கோழி பிடிச்சுட்டாரும்மா!"

குடிசைக்குள் கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த மாமியார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு மகளிடம் சொன்னார்: "மாப்பிள்ளைக்குச் சொல்லுடி, அவரு கை பட்டதெல்லாம் விளங்கட்டும்னு."

கோழி நலியாகாவின் கைக்கு மாறியது. கத்தி வந்தது. வெந்நீர் கொதித்தது. மிச்சமிருந்தது அடைகாக்கிற கோழி ஒன்றுதான். அதைத் தூக்கினால் நலியாகா அவரைத் தூக்கிவிடுவாள்.

ஜப்லோனுக்கு நெற்றியில் வியர்வை முத்துக் கட்டியது. இனி எந்த வீட்டுக்குப் போய் எதைச் சொல்லிக் கேட்பது? சாம்பல் தூவிய கதவுகளின் முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் ஆள் காவல் நிற்கிறார்கள். எல்லாம் அவர் போட்ட உத்தரவு. ஊரின் மேல் கோபம் வந்தது. தன் மேல் அதைவிட அதிகமாக வந்தது. கால்கள் தாமாகவே கரும்புத் தோட்டத்தின் பக்கம் திரும்பின.

வெட்கமாகத்தான் இருந்தது. எத்தனை பேரை இதே இடத்தில் பிடித்திருக்கிறார்! எத்தனை கோழி! ஆனால் வெட்கம் மானமெல்லாம் வயிற்றுக்குப் புரிகிற பாஷை இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கரும்புக்குள் நுழைந்தார். இன்னும் கொஞ்சம் உள்ளே. இன்னும் கொஞ்சம். இடுப்புப் பெல்ட்டில் கையை வைத்தார்.

குட்டி விசில்கள் காதைக் கிழித்தன.

"கரும்புக்குள்ள எவனோ பூந்துட்டான்!" நசாம்புவின் குரல். "அடியே, அந்தப் பக்கம் வளைச்சுக்கோங்க! டேய், வெளியே வாடா! கோழி இல்லேன்னா ஆட்டைக் கொண்டு வரச் சொல்லுவேன்!"

கலவரத்தில் ஒருத்தி திருடன் விசிலையும் ஊதிவிட்டாள். அவ்வளவுதான், நாலா பக்கத்திலிருந்தும் ஆண்கள் தடியோடு ஓடி வந்தார்கள். ஜப்லோன் கரும்புச் சோகைக்குள் ஒரு கணம் சிலையாக நின்றார். பிறகு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி, சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"சபாஷ்!" என்று கத்தினார். "சபாஷ்! சோதனை பண்ணேன்! ஆபீசர் வர்ற அன்னிக்குப் படை தூங்குதா முழிச்சிருக்கான்னு பாத்தேன்!"

தடிகள் கீழே இறங்கின. பெண்கள் ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். நசாம்பு மட்டும் அவருக்குப் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "நாங்க தூங்க மாட்டோம் தலைவரே," என்றாள். "என் பேத்தியை மண்ணுல வச்ச நாளிலேருந்து எனக்கு ஏது தூக்கம்?"

இந்தப் பெண்ணிடமா பொய் சொன்னோம் என்று ஜப்லோனின் நெஞ்சு குத்தியது. கூடவே வயிறும் குத்தியது. இரண்டில் எது அதிகம் என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் அவர் இல்லை.

"நீங்க போய் உங்க உங்க இடத்துல நில்லுங்க," என்றார் பலவீனமாக.

"அது எப்படி? இவ்வளவு அக்கறையா ஊரைச் சுத்துற தலைவரைத் தனியா விட்டா நல்லா இருக்குமா? ஆபீசர் வர்றவரைக்கும் உங்க கூடவேதான் இருப்போம்!" என்றாள் நசாம்பு.

ஆக, அதற்கு முன்பு அவர் தனியாகத் தவித்துக்கொண்டிருந்தார். இப்போது விசில் படையும் தடிக்காரர்களும் பின்தொடர, ஊர்வலமாகத் தவித்தார். அவர் வேகமாக நடந்தால் அவர்களும் வேகமாக நடந்தார்கள். அவர் நின்று பல்லைக் கடித்தால் அவர்களும் நின்று, தலைவர் எதையோ ஆழமாக யோசிக்கிறார் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் மண்சாலையில் மோட்டார் பைக் சத்தம் கேட்டது.

"ஆபீசர்! ஆபீசர் வந்துட்டாரு!"

ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் ஏழு மணிக்கே வந்திருந்தார். சுகாதார அதிகாரி பிலமோன் முக்வானா. நகரத்தில் தலைவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவரும் இவரேதான். வண்டி நிற்பதற்கு முன்பே பின்சீட்டிலிருந்து குதித்தார். வீட்டில் எல்லோரும் சுகமா, மாடு சுகமா, மழை எப்படி என்று நிதானமாகக் கேட்டு முடித்த பிறகுதான் இந்தப் பக்கத்தில் காரியம் பேசுவார்கள். அதிகாரி அதையெல்லாம் ஒரே தாவலில் தாண்டினார்.

"எங்கே முதல் கழிப்பறை?"

"சார், முதல்ல ஒரு வரவேற்புரை..."

"உரை அப்புறம். கழிப்பறை எங்கே?"

சிகுகு சாவியோடு ஓடினான். பூட்டு திறந்தது. அதிகாரி உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். ஊர் முழுக்க வெளியே காத்து நின்றது. நேரம் போனது. இன்னும் போனது.

"உள்ளே என்னதான் பண்றாரு?" என்று ஒருவன் கிசுகிசுத்தான்.

"அளந்து பாப்பாரு. அகலம், ஆழம் எல்லாம் இருக்குல்ல," என்றான் சிகுகு.

"முன்னாடி வந்த ஆபீசருங்கல்லாம் எட்ட நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிடுவாங்க. இவருதான்யா ஆபீசர்!" என்றாள் நசாம்பு.

ஜப்லோன் கதவுக்கு மிக அருகில் போய் நின்றுகொண்டார். அதிகாரி பார்த்து முடித்துவிட்டால் உத்தரவு இந்தக் கதவுக்குச் செல்லாது. அடுத்த ஆள் நான்தான். கதவு திறந்தது. அதிகாரியின் முகம் காய்ச்சல் விட்ட குழந்தையின் முகம்போலத் தெளிந்திருந்தது. குச்சியை மிதித்து, சோப்புப் போட்டு, நிதானமாகக் கை கழுவினார்.

"அருமை! அற்புதம்! இப்படி ஒரு கழிப்பறையை நான் இந்த வாரத்துல பாக்கவே இல்ல!" என்றார்.

"நானும் ஒரு தடவை உள்ளே போய்ப் பாத்துட்டு..." என்று ஜப்லோன் ஒரு காலை உள்ளே வைத்தார்.

அதிகாரி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பக்கத்தில் மனம் நிறைந்து பேசுகிறவன், பிடித்த கையைப் பேச்சு முடிகிறவரை விடுவதில்லை. அதிகாரிக்கு மனம் நிறைந்திருந்தது, பேச்சும் நிறைய இருந்தது. அப்படியே கைகோத்து வீடு வீடாக இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு வீட்டிலும் எட்டிப் பார்த்தார், மூடியைத் தூக்கிப் பார்த்தார், குழந்தைகளைக் கை கழுவிக் காட்டச் சொன்னார், ஊர்க்காவல் பற்றிக் கேட்டார். விசில் படை ஊதிக் காட்டியது. ஒவ்வொரு விசிலுக்கும் ஜப்லோனின் உடம்பு துள்ளியது.

"என்ன தலைவரே, இப்படி வேர்க்குது?"

"சந்தோஷம் சார்."

"நடுங்குறீங்களே?"

"ரொம்ப சந்தோஷம் சார்."

கடைசியில் தலைவரின் வீடு. தகரக் கதவு, சிமென்ட் தளம், மூடிக்கு மரக் கைப்பிடி. முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. கோழிக் குழம்பின் வாசனை பரவியிருந்தது. சமையல் குடிசை வாசலில் மாமியார் கண்ணில் கட்டோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"மாதிரிக் கழிப்பறைன்னா இது!" என்றார் அதிகாரி. "யாரெல்லாம் இதைப் புழங்குறீங்க?"

"நான், எங்கம்மா," என்றாள் நலியாகா.

"தலைவரு?"

நலியாகா மண்ணைப் பார்த்தாள். கூட்டம் மண்ணைப் பார்த்தது. சிகுகுகூட மண்ணைப் பார்த்தான்.

"சார்," என்றார் ஜப்லோன், வார்த்தைகளைப் பல்லிடுக்கில் பிழிந்து. "மாமியார் வந்திருக்காங்க."

அதிகாரி அவருடைய கையை விட்டுவிட்டார். இவ்வளவு நேரமும் ஜப்லோன் ஏங்கியது அதற்குத்தான். ஆனால் இப்போது விட்ட விதம் சரியில்லை.

"தலைவரே! நீங்க என் வகுப்புல முதல் வரிசையில உட்காந்த ஆளு. ஊருக்கெல்லாம் சட்டம் போட்டுட்டு, உங்க வீட்டுக் கக்கூசுக்குள்ள நீங்களே போகலியா? மாமியார் போனா மாப்பிள்ளை போகக் கூடாது, மருமகள் போனா மாமனார் போகக் கூடாது, இப்படி ஆளாளுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தானே எல்லாரும் புதருக்குப் போறாங்க? மழை பெஞ்சா அது நேரா ஓடைக்குத்தானே வருது? குழிக்குத் தெரியுமா யாரு மாமியார், யாரு மாப்பிள்ளைன்னு? இந்தக் காலத்துல இன்னுமா இதெல்லாம்? தலைவரு மாறாத ஊருக்கு நான் எப்படிக் கொடி கொடுப்பேன்?"

அதிகாரி தகரக் கதவைத் திறந்து பிடித்தார்.

"இப்பவே, எல்லார் முன்னாடியும், நீங்க இதைப் புழங்கிக் காட்டணும். இல்லேன்னா கொடியை எடுத்துக்கிட்டு நான் கிளம்புறேன்," என்று முடித்தார் அதிகாரி.

ஜப்லோன் கதவைப் பார்த்தார். பிறகு மாமியாரின் முதுகைப் பார்த்தார். அப்பாவும் தாத்தாவும் கட்டிக் காத்த மரியாதை. அதை ஊர் பார்க்க, அந்த அம்மாள் காது கேட்க உடைப்பதா? அவமானத்தில் காது மடல் சுட்டது. கூட்டத்தில் நசாம்பு நின்றாள். விசிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அவரையே பார்த்தாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அப்போது சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"நலியாகா, மாப்பிள்ளைக்குச் சொல்லு. எனக்குக் கண்ணுல கட்டு போட்டிருக்கு. நான் எதையும் பாக்கல. நான் பாக்காதது எதுவும் நடக்கவும் இல்ல."

"கீசா அப்பா, அம்மா சொல்றாங்க..."

"இன்னும் சொல்லு. விடிஞ்சதிலேருந்து அவரு இங்கேயும் அங்கேயும் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கேக்கிற எனக்கே வயித்தை வலிக்குது. போகச் சொல்லுடி அந்த மனுஷனை!"

ஜப்லோன் போனார். தைரியமாகப் போனார் என்றும் சொல்லலாம், வேறு வழியில்லாமல் போனார் என்றும் சொல்லலாம். தகரக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே ஊரே காது கொடுத்து நின்றது. பெண்கள் நல்ல மனதோடு ஒரு பாட்டை எடுத்து உரக்கப் பாடத் தொடங்கினார்கள். அந்தப் பாட்டுக்காக ஜப்லோன் அவர்களுக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறார்.

அவர் வெளியே வந்து கை கழுவியபோது குலவைச் சத்தம் கரும்புத் தோட்டம்வரை கேட்டது. சிகுகு கைதட்டியதில் கிண்டல் இருந்தாலும் அவன் கண்ணில் நீரும் இருந்தது. ஜப்லோனுக்குச் செத்துவிடலாம் போலவும் இருந்தது, பறக்கலாம் போலவும் இருந்தது. நசாம்புவின் கையில் அதிகாரி வெள்ளைக் கொடியைக் கொடுத்தார். அவள் அதைப் பிரிக்கவில்லை. மடித்தபடியே முகத்தில் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னைக்கு இந்த ஊர்ல ஒரு பழைய பயம் செத்துப்போச்சு! இனி எல்லா ஊருக்கும் உங்க தலைவரைத்தான் உதாரணமாச் சொல்லப் போறேன்!" என்று முழங்கினார் அதிகாரி.

பிறகு சோளமாவில் கிண்டிய உகாலிக் களியும் கோழிக் குழம்பும் வயிறாரச் சாப்பிட்டார். நல்ல துண்டாகப் பார்த்து நலியாகா வைத்தாள். புள்ளிக்கோழி தட்டில் இருப்பதைப் பார்த்த சிகுகு மட்டும் இரண்டு துண்டு அதிகம் போட்டுக்கொண்டான். கிளம்பும்போது அதிகாரி, "அந்த சர்ச் கழிப்பறையை மட்டும் கடைசியா இன்னொரு தடவை சரிபாத்துடுறேன்," என்று சாவியை வாங்கிக்கொண்டு போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

ஜப்லோன் வெளியே மோட்டார் பைக்கின் அருகில் காத்திருந்தார். வண்டி ஓட்டுகிறவன் ஒரு கரும்புத் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"எப்பேர்ப்பட்ட மனுஷன்யா!" என்றார் ஜப்லோன். நிஜமாகவே மனம் நெகிழ்ந்திருந்தது. "வழக்கத்தையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வாழ ஒரு துணிச்சல் வேணும். நான் ஒரே ஒரு காலைக்கே செத்துப் பிழைச்சேன். அவரு வீட்ல இந்த மாதிரித் தொல்லை ஒண்ணும் இருக்காதுல்ல?"

வண்டிக்காரன் சக்கையைத் துப்பிவிட்டு, சாத்தியிருந்த கதவை ஒரு பார்வை பார்த்தான்.

"அவரு வீட்லயா? மாமியார் வந்து ஒரு மாசமாச்சு தலைவரே, அதனாலதான் தினம் விடிஞ்சும் விடியாம ஏதாவது ஒரு ஊரைப் பரிசோதிக்க ஓடி வந்துடுறோம்."